றீற்றா அக்கா சொன்ன ஓம்

புதிதாக மொழிபெயர்க்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் கேட்டார்கள். கேட்டவர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். பெரிய மனுசருக்குப் பக்கத்தில் நின்ற கதை, பாராட்டு வாங்கிய கதை. அப்படி என்னிடம் இரண்டு மூன்று இருக்கின்றன. கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லியே தேய்ந்துபோய்விட்டன. உங்களுக்கு அவை உதவாது. அதனால் நான் விட்ட ஒரு பிழையை எழுதுகிறேன். ஒரே ஒரு சொல்லில் விட்ட பிழை. அதுவும் நடை பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொல்.

நீங்கள் எல்லாரும் முறையாகப் படித்து, சான்றிதழ் வாங்கி, காதில் கருவி மாட்டிக்கொண்டு வருகிறீர்கள். நான் இத்தாலியன் படித்தது பலெர்மோவில், போர்கோ வெக்கியோ சந்தையில், மீன்காரரோடு வாய் காட்டி. பிறகு கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த உதவி அலுவலகத்தில் எங்கள் சனத்துக்குப் பத்திரம் நிரப்பிக் கொடுத்தேன். தங்குவதற்கான பெர்மெசோ புதுப்பிக்கக் கெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வரிசையில் நின்றவர்களுக்காகப் பொலிசோடு கதைத்தேன். பதினைந்து வருடத்தில் நல்ல பெயர் வந்துவிட்டது. நல்ல பெயர் வந்த பிறகுதான் ஆள் கவனமாக இருக்க வேண்டும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஒருநாள் பிராந்திய சபையிலிருந்து அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. ஒரு குழு விசாரணைக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமாம். அந்தச் சபை இருப்பது ஒரு பழைய அரண்மனையில். தங்கக் கல் பதித்த தேவாலயத்தைப் பார்க்கச் சுற்றுலாக்காரர் வெயிலில் வரிசையாக நிற்பார்களே, அதே கட்டடம்தான். எங்களுக்கு வேறு படி. ரோமில் இருக்கும் நாடாளுமன்றம் நாடு முழுதுக்கும் சட்டம் செய்யும். இந்தச் சபை இந்தத் தீவுக்கு மட்டும், முதியோர் பராமரிப்பு, பயிர்ச்செய்கை போன்ற சில விஷயங்களில் செய்யும். ஒரு சட்டமூலம் வந்தால் எடுத்த எடுப்பில் சபைக்குப் போகாது. முதலில் ஒரு சிறிய குழு அதைப் பிரிவு பிரிவாகப் பார்க்கும். யாரை அது தொடுமோ அவர்களை அழைத்துக் கேட்கும். பிறகு திருத்தித்தான் மேலே அனுப்பும். குழுவில் கதைப்பதை எல்லாம் சுருக்கெழுத்தாளர் ஒரு சொல் விடாமல் எழுதுவார். ஊரில் ஹன்சாட் என்பார்களே, அந்த மாதிரி.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. வீட்டோடு தங்கி முதியவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கு ஒரு பெயர்ப்பட்டியல் வைக்கச் சட்டமூலம் வந்திருந்தது. பட்டியலில் உள்ள ஆளை வேலைக்கு வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பிராந்தியம் உதவி செய்யும். நல்ல விஷயம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் அதன் நாலாம் பிரிவில் ஒரு வரி ஒளிந்திருந்தது. பட்டியலில் சேர விரும்புகிறவர், தான் வேலை செய்யும் வீட்டிலேயே ரெசிதென்சா வைத்திருக்க வேண்டும்.

ரெசிதென்சா என்றால் தங்கியிருப்பது மட்டும் இல்லை. நகரசபைப் பதிவேட்டில் அந்த வீட்டு விலாசத்தில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கு வீட்டுக்காரர் அதற்கு உடன்பட மாட்டார்கள். வரி கூடும் என்பார்கள். நாளைக்கு வீட்டைவிட்டு எழும்ப மாட்டாள் என்று தங்களுக்குள் சொல்வார்கள். அதனால் எங்கள் சனம் தாங்கள் பார்க்கும் சினியோராவின், அந்த வயதான அம்மாவின், வீட்டில் படுத்து எழும்பும், பெயர் மட்டும் போர்கோ வெக்கியோவில் யாரோ ஒரு சொந்தக்காரரின் வீட்டில் குடியிருக்கும்.

றீற்றா அக்காவின் பெயரும் அப்படித்தான் வேறு வீட்டில் இருந்தது. மன்னார்க்காரி, ஐம்பதைத் தாண்டியவர். ஒரேத்தோப் பக்கம் ஒரு மாடி வீட்டில், வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன சினியோராவை ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சினியோராவின் மகள் மோசமானவள் இல்லை. ஆனால் ரெசிதென்சா என்ற பேச்சை எடுத்தால் சமையலறைக்குள் போய்விடுவாள். சட்டமூலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவள் அக்காவிடம் சொல்லிவிட்டாள்: நீ பட்டியலில் வராவிட்டால், பட்டியலில் உள்ள ஒருத்தியைத்தான் நாங்கள் எடுக்க வேண்டியிருக்கும். வேலை போனால் அக்காவுக்குப் படுக்க இடமும் போகும். ஆனால் அக்கா அதை இரண்டாவதாகத்தான் சொன்னார்.

"மனுசி என்ரை கையாலை மட்டுந்தான் சாப்பிடுது பிள்ளை," என்றுதான் முதலில் சொன்னார். "வேறை ஆள் வந்தால் வாயைத் திறவாது. ரெண்டு கிழமை தாங்காது."

வீட்டு வேலைக்காரர் சங்கத்தில் குழுவுக்கு முன் பேச ஒருவரைத் தெரிவு செய்தபோது எல்லாரும் அக்காவைத்தான் காட்டினார்கள்.

அக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதையே அதில்தான் நிற்கிறது. இத்தாலியனில் ஓம் என்பதற்குச் சீ என்று சொல்ல வேண்டும். வந்த புதிதில் எங்கள் எல்லாருக்கும் அது நாக்கில் கூசும். மரியாதையான ஒருவர் ஏதாவது கேட்க, அவர் முகத்தைப் பார்த்துச் சீ என்று எப்படிச் சொல்வது? இரண்டு மாதத்தில் பழகிவிடும், நாங்களும் சீ, சீ என்று காகம் கலைக்கிற மாதிரிச் சொல்லத் தொடங்கிவிடுவோம். றீற்றா அக்கா பழகவே இல்லை. "மனுசரைப் பாத்து நான் அப்பிடிச் சொல்லமாட்டன்," என்பார். இத்தாலியனில் சந்தைக்குப் போவார், மருந்துக்கடைக்குப் போவார், ஆனால் ஓம் மட்டும் ஓம்தான். கடைசியில் அந்த சினியோராவே தமிழுக்கு வந்துவிட்டார். வாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியிருந்தது ஏழெட்டுச் சொற்கள். அதில் ஒன்று ஓம்.

விசாரணை நாளன்று அக்கா பூசைக்குப் போகிற சேலையில் வந்தார். சொல்ல வேண்டியதை ஒரு கொப்பித் தாளில் எழுதி, நாலாய் மடித்துக் கைக்குள் வைத்திருந்தார். நான் பக்கத்தில் கதிரையை நெருக்கிப் போட்டு, குழுவில் சொல்வதைத் தாழ்ந்த குரலில் அவர் காதில் சொல்லிக்கொண்டு வந்தேன். குழுத் தலைவர் ஒரு பழைய வக்கீல். நீளமாகக் கேட்கும் பழக்கம். நாலாம் பிரிவை வாசித்தார். இது பணியாளரின் பாதுகாப்புக்காகவே வைத்தது என்றார். ஆள் எங்கே இருக்கிறார் என்று அரசுக்குத் தெரிந்தால்தான் அநியாயம் நடந்தால் தட்டிக் கேட்க முடியும் என்றார். இது நியாயமானதுதான் என்று நீங்கள் கருதுகிறீர்களா என்று முடித்தார்.

நான் சொல்லச் சொல்ல, அக்கா ஒவ்வொரு துண்டுக்கும் "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ பிறந்த யாருக்கும் அது என்ன என்று தெரியும். தொலைபேசியில் ஒரு கதை கேட்டால் இருபது ஓம் போடுவோம். சொல்லு, கேட்கிறேன், இஞ்சைதான் இருக்கிறேன், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கேள்வி முடிந்தது. அக்கா கடைசியாக ஒரு ஓம் போட்டார். மடித்த தாளை விரிக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. சபையில் வாக்கெடுப்பு என்றால் அரண்மனை முழுக்க மணி அடிக்கும். குழு எந்த நிலையில் இருந்தாலும் உறுப்பினர்கள் எழுந்து ஓட வேண்டும். கதிரைகள் பின்னுக்கு இழுபட்டன. தலைவர் பாதி எழுந்தபடி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

நான், "சீ," என்றேன்.

அவ்வளவுதான். மூச்சு விடும் நேரம்கூட இல்லை. "நன்றி சினியோரா," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக யோசித்துவிட்டேன். ஓம் என்றால் சீ என்று ஆயிரம் தரம் சொல்லிப் பழகிய வாய். அதோடு, பெரிய மனுசர் ஒருவர் காத்து நிற்கிறார், அவரை மினக்கெடுத்தக் கூடாது என்ற பயம். இன்னும் முடியவில்லை, அவர் பதில் சொல்லவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கும் அதே மூச்சுத்தான் போயிருக்கும்.

படியால் இறங்கும்போது அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நான் இன்னும் கதைக்கேல்லையே பிள்ளை. திரும்ப எப்ப கூப்பிடுவினம்?"

அந்த இடத்தில், அந்தப் படியில், எனக்கு விளங்கிவிட்டது. அக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை, நான் சொல்லிவிட்டேன். உடனே மேலே ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை.

"கூப்பிடுவினம் அக்கா," என்றேன். "அலுவலகத்துக்கு அறிவிப்பினம். நான் சொல்லுறன்."

பிழை விட்டதற்காக நான் பெரிதாக வெட்கப்படுவதில்லை. பிழை விடாத மொழிபெயர்ப்பாளரை நான் இன்னும் காணவில்லை. அந்தப் படியில் சொன்ன பொய்க்காகத்தான் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

மூன்று நாள் கழித்துப் பதிவின் வரைவில் கையெழுத்துப் போட என்னை அரண்மனைக்கு அழைத்தார்கள். குழுவின் செயலாளர் ஒரு அம்மையார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. மேசைக்குக் கீழே எப்போதும் ஒரு சோடி தட்டைச் சப்பாத்து வைத்திருப்பார், மணி அடித்தால் மாற்றிக்கொண்டு ஓட. அவர் தந்த தாளில் இருந்தது: தலைவரின் நீளமான கேள்வி, அதற்குக் கீழே றீற்றா அக்காவின் பெயர், பெயருக்கு நேரே "சீ." அதோடு இன்னொரு தாளும் இருந்தது. சட்டமூலத்தைச் சபைக்கு விளக்கப்போகும் உறுப்பினரின் அறிக்கை. அதில் நாலாம் பிரிவைப் பற்றி ஒரு வரி: குழுவில் விசாரிக்கப்பட்ட பணியாளர் பிரிவினரே இந்த நிபந்தனையை ஆதரிக்கின்றனர்.

பாருங்கள் பிள்ளைகளே. அக்காவின் வாயில் அது கேட்கிறேன் என்ற ஓம். என் வாயில் சீ. அறிக்கையில் தீவில் உள்ள எல்லாப் பராமரிப்பாளரும் சேர்ந்து போட்ட கையெழுத்து. சட்டம் செய்யும் இடத்தில் சொல் அப்படித்தான் வளரும். கீழே யாரும் திரும்பிப் போய் அது எங்கே பிறந்தது என்று பார்க்க மாட்டார்கள். பார்க்க வேண்டிய ஆள் நாங்கள்தான். நாலாம் பிரிவுக்குத் திருத்தம் கொடுக்க இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது.

கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். "றீற்றா அக்காவைக்கொண்டு ஒரு கடிதம் எழுதிப்போடு. முதல் சொன்னதை மாத்திறன், யோசிச்சுப் பாத்தன் எண்டு. உன்ரை பேர் ஏன் இதுக்குள்ளை வரவேணும்? எங்கடை ஆக்களிலை அங்கை போன முதல் ஆள் நீ. நீ பிழை எண்டால், இனி ஒருத்தரையும் கூப்பிடமாட்டினம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அதன் கெடுதி. ஒரு முழுப் பகல் அந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முதல் வரியில் அக்கா பொய்க்காரி ஆகிக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று கதைக்கிற மனுசி என்று தலைவர் நினைப்பார். சங்கம் யாரோ பின்னால் நின்று பிடித்துத் தள்ளியதாகச் சொல்வார்கள். என் பெயரைக் காப்பாற்ற அக்காவின் பெயரைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பெயரை வைக்க ஒரு வீடு இல்லாத மனுசி.

அடுத்த நாள் காலை செயலாளர் அம்மையாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"பதிவு, ஒருவர் என்ன நினைத்தார் என்று எழுதாது சினியோரா. என்ன சொன்னார் என்றுதான் எழுதும். அவர் என்ன சொன்னார்?"

"ஓம்."

"அதற்கு என்ன அர்த்தம்?"

நான் தொலைபேசியையும் இருபது ஓமையும் சொல்லி விளக்கினேன். அக்கா ஏன் சீ என்று சொல்வதில்லை என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பலெர்மோச் சனம் இல்லை என்பதற்குச் செய்வதைச் செய்து காட்டினார். உங்களுக்குத் தெரியும், வாய் திறக்க மாட்டார்கள். நாடியைக் கொஞ்சம் மேலே தூக்கி, நாக்கை ஒருதரம் சொடுக்குவார்கள்.

"என் அம்மா வாழ்நாள் முழுக்க இப்படித்தான் இல்லை என்று சொன்னார்," என்றார். "அவரை இந்தக் குழுவுக்கு அழைத்திருந்தால், சுருக்கெழுத்தாளர் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டு இருந்திருப்பார். அம்மா மறுத்தது ஒன்றுகூடப் பதிவில் வந்திருக்காது."

பதிவை அவரால் மாற்ற முடியாது. ஆனால் அடுத்த அமர்வின் நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் ஒதுக்க முடியும். மொழிபெயர்ப்பாளர் உறுப்பினர்களுக்கு முன்னால் எழுந்து, தன் வாயால், பிழை தன்னுடையது என்று சொல்ல வேண்டும். அக்காவைத் திரும்பக் கேட்பதா இல்லையா என்பது தலைவரின் கையில். "நான் இடம் பிடித்துத் தரலாம்," என்றார். "கதைக்க வேண்டியது நீங்கள்."

குழுவுக்குச் சொல்வதற்கு முதல் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டமாக இருந்தது. மத்தியானம் ஒரேத்தோவுக்குப் போனேன். அக்கா சினியோராவுக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தார். கைத்தொலைபேசி அவருடைய மடியில் இருந்தது. நான் எதிரில் இருந்து சொல்லத் தொடங்கினேன். மணி அடித்தது, தலைவர் கேட்டார், நான் சொன்னேன், தாளில் இப்படி இருக்கிறது. அக்கா கரண்டியை நிறுத்தாமல் "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். கோபமும் இல்லை, சம்மதமும் இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை என்னைத் தனியே விடாமல் கூட வந்துகொண்டிருந்தார். பிறந்த நாள் முதல் கேட்ட அந்தச் சொல் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

முடித்ததும் அக்கா முதலில் கேட்டது நாலாம் பிரிவைப் பற்றி இல்லை.

"நானோ? அந்தப் பெரிய மனுசருக்கு முன்னாலை நான் சீ எண்டு சொன்னதாயோ எழுதியிருக்கினம்?"

"ஓம் அக்கா."

"ஐயோ பிள்ளை, என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பினம்."

சினியோராவின் வாயைத் துடைத்தார். பிறகு சொன்னார்:

"மணி அடிச்சால் ஆருக்கும் பயம் வரும். அது பறவாயில்லை. ஆனால் கூப்பிடுவினம் எண்டு சொன்னனியெல்லோ. அஞ்சு நாளாய் இந்தப் போனைக் குளிக்கப் போகேக்கையும் கொண்டு போறன்."

அக்காவின் மடியில் இருந்த போனை எடுத்து மேசையில் வைத்தேன்.

அமர்வு நாளன்று அக்காவும் என்னோடு வந்தார். அம்மையார் சொன்ன ஐந்து நிமிடத்தில் நான் எழுந்தேன். முதல் அமர்வில் அக்கா பதில் சொல்லவே இல்லை, பிழை என்னுடையது என்றேன். மொழிபெயர்ப்பாளர் எழுந்து தன்னைப் பற்றிக் கதைப்பது வழக்கமில்லை. நாங்கள் இருப்பதே தெரியக்கூடாது என்றுதானே உங்களுக்கும் படிப்பித்திருப்பார்கள்.

தலைவர் பதிவைப் புரட்டினார். "இங்கே சீ என்று இருக்கிறது. இப்போது இல்லை என்கிறீர்கள். சினியோரா மனம் மாறிவிட்டாரா? அல்லது யாராவது மாற்றினார்களா?"

"அவர் மாறவில்லை தலைவரே. அவர் சொன்னதை நான்தான் மாற்றினேன். உங்கள் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார், பதில் சொல்லத் தொடங்கவில்லை. மணி அடித்ததும் நான் அவசரப்பட்டுவிட்டேன்." பிறகு, சொல்வதா விடுவதா என்று தெரியாமல் அதையும் சொன்னேன். "அவர் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் சீ என்ற சொல்லையே சொன்னதில்லை. எங்கள் மொழியில் அது ஒருவரை அருவருத்துத் தள்ளுகிற சொல். அவர் யாரையும் அப்படித் தள்ளமாட்டார்."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. ஓரத்தில் இருந்த ஒரு உறுப்பினர் நேராக அக்காவைப் பார்த்து இத்தாலியனில் கேட்டார், "உண்மையா சினியோரா?"

அக்காவுக்கு அது விளங்கும். நிமிர்ந்து இருந்து, மரியாதையாக, "ஓம்," என்றார்.

சிரிப்பு இன்னும் கூடியது. இந்த முறை தலைவரும் சிரித்தார். ஆனால் நான் வாய் திறக்கவில்லை. ஓமுக்குப் பின்னால் ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு அடங்கியது. அக்கா மடித்த தாளை எடுத்தார், பார்த்தார், திரும்பக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஐயா, நான் படுக்கிறது அவவின்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை. அவவின்ரை மூச்சு மாறினால் எனக்குத் தெரியும். ஆனால் கீழை வாசல் மணியிலை என்ரை பேர் இல்லை. அவவின்ரை பேர் இருக்கு. எப்பவோ செத்துப்போன புருசன்ரை பேரும் இருக்கு. என்ரை பேரை எழுதச்சொல்லிக் கேட்டால் மகள் பயப்பிடுறா. நீங்கள் சட்டம் போட்டாலும் அவ எழுதமாட்டா. பட்டியலிலை பேர் இருக்கிற வேறை ஆளைத்தான் எடுப்பா. என்னைக் காப்பாத்தத்தான் இந்த வரி எண்டு சொன்னனீங்கள். இந்த வரியாலை நான் றோட்டிலை நிப்பன். அவ சாப்பிடாமல் கிடப்பா."

நான் ஒவ்வொரு வசனமாக, கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டு வந்தேன். செத்த புருசன் பெயர் மணியில் இருக்கிறது என்றபோது இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்தார்கள். பலெர்மோவில் யாருடைய வாசலில்தான் அப்படி ஒரு பெயர் இல்லை?

கடைசி வசனம் பாதியில் நிற்கும்போது மணி அடித்தது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். நான் அக்காவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தலைவர் எழும்பவும் இல்லை, இருக்கவும் இல்லை, மேசையில் கையை ஊன்றியபடி நின்றார். அக்கா முடித்தார். நான் முடித்தேன். அதன் பிறகுதான் அவர் போனார். அம்மையார் குனிந்து சப்பாத்தை மாற்றிக்கொண்டிருந்தார்.

நாலாம் பிரிவில் ஒரு சொல் மாறியது. ரெசிதென்சா போய் தொமிச்சிலியோ வந்தது. அதாவது பதிவேட்டில் பெயர் எங்கே இருந்தாலும், ஆள் உண்மையில் எங்கே வாழ்கிறாரோ அந்த இடம் போதும். வீட்டுக்காரரின் அனுமதி வேண்டியதில்லை. திருத்தம் கொண்டுவந்தவர், உண்மையா சினியோரா என்று கேட்ட அந்த உறுப்பினர்தான்.

இதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்தச் சட்டமூலம் சபைக்குப் போவதற்கு முதலே சபையின் காலம் முடிந்துவிட்டது. முடிந்தால் நிறைவேறாத மூலங்கள் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போகும். நாங்கள் இவ்வளவு பாடுபட்டது ஒரு செத்த தாளுக்காகவா என்று எனக்கு மனம் விட்டுப்போயிற்று. ஆனால் அடுத்த சபையில் யாரோ அதே விஷயத்தைத் திரும்ப எடுத்தார்கள். புதிதாக எழுத யாருக்குப் பொறுமை? பழைய குழு திருத்திய பிரதியைத்தான் தூசி தட்டி எடுத்தார்கள். அந்தச் சொல் அதற்குள்ளேயே இருந்தது. அக்காவின் பெயர் பட்டியலில் ஏறியது. சினியோரா சாகும்வரைக்கும் அக்காவின் கையால்தான் சாப்பிட்டார்.

எனக்கு? ஒரு வருடத்துக்கு மேலாக அரண்மனையிலிருந்து அழைப்பு வரவில்லை. என் மனுசன் சொன்னபடிதான் நடந்தது. அவர் அதை ஒருதரமும் சொல்லிக்காட்டவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். பிறகு ஒருநாள் அம்மையாரே தொலைபேசி எடுத்தார். வேறு ஒரு குழு, வேறு ஒரு விஷயம். "காத்திருக்கத் தெரிந்த ஆள் வேண்டும்," என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அந்தப் படிகளில் ஏறி இறங்கினேன். உங்களில் இரண்டு பேரை இப்போது அங்கே அழைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மணி இன்னும் அதே மணிதான்.

நான் கடைசியாகச் சொல்ல வேண்டியது பதிவைப் பற்றி. அச்சடித்த பிரதி ஒன்றை அம்மையார் எனக்குத் தந்தார். அதைக் கொண்டுபோய் ஒரேத்தோவில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் அமர்வில் அவர் சொன்னது முழுவதும் இருந்தது, வாசல் மணி, செத்த புருசன், எல்லாம். முதல் அமர்வின் பக்கத்திலும் ஒரு திருத்தம் செய்திருந்தார்கள். அந்தப் பதிவுகளில் கைதட்டினால் கைதட்டல் என்று, குறுக்கிட்டால் குறுக்கீடு என்று சாய்ந்த எழுத்தில் போடுவார்கள். அக்காவின் பெயருக்கு நேரே முன்பு சீ இருந்த இடத்தில் இப்போது அந்தச் சாய்ந்த எழுத்தில் இரண்டே சொல்: "சினியோரா கேட்டுக்கொண்டிருக்கிறார்."

அக்கா அந்த இடத்தில் விரலை வைத்து, இத்தாலியன் வாசிக்கத் தெரிந்தவர் மாதிரி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சினியோரா எதற்கோ ஓம் என்றார். எனக்கு அந்தப் படியும் கைத்தொலைபேசியும் நினைவுக்கு வந்தன. அந்த ஐந்து நாளைப் பற்றி நாங்கள் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

"என்னிலை இன்னும் கோவமோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார்.

நான் காத்திருந்தேன். அவர் தாளை மடித்தார், நாலாய். மேசை விளிம்பைக் கையால் துடைத்தார்.

"ஓம்... கொஞ்சம் இருந்தது. இப்ப இல்லை. இரு, தேத்தண்ணி ஊத்திறன்."